புற்றா, அழற்சியா? கணையத்தைப் படம் பிடித்த வரலாறு

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் சுரப்பி. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கிறது. வால்பகுதி மண்ணீரல் வரை நீள்கிறது. கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தநாளம் தலைப்பகுதியின் ஊடாகச் சென்று குடலில் திறக்கிறது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும், அங்கிருந்து திரும்பும் பெரிய சிரையும் கணையத்தின் கழுத்துப்பகுதிக்குப் பின்னால் உரசிக்கொண்டு செல்கின்றன. இந்த நெருக்கடியான இடத்தில் எது வீங்கினாலும் விளைவு ஒன்றுதான்: பித்தம் அடைபடும், மஞ்சள் காமாலை வரும், உடல் இளைக்கும், வலி முதுகு வரை பாயும். வீங்கியது புற்றுநோயா, நாள்பட்ட அழற்சியா என்பதை அறிகுறிகளை வைத்துச் சொல்லிவிட முடியாது.

குழப்பத்தின் வேர் திசுவிலேயே இருக்கிறது. கணையப் புற்றுநோயில் மிகப் பெரும்பாலானவை கணைய நாளத்தின் உள்வரிச் செல்களில் தொடங்குகின்றன. அந்தச் செல்கள் தம்மைச் சுற்றி அடர்ந்த நார்த்திசுவை வளரச் செய்கின்றன. கட்டியின் பருமனில் பெரும்பங்கு இந்த நார்த்திசுதான். நாள்பட்ட அழற்சியிலும் சுரக்கும் திசு அழிந்த இடத்தை நார்த்திசுவே நிரப்புகிறது. போதாததற்கு, புற்றுநோய் நாளத்தை அடைத்தால் அடைப்புக்கு அப்பாலுள்ள கணையம் அழற்சி கொள்கிறது. ஒரே கணையத்தில் இரண்டு நோயும் அடுத்தடுத்து இருக்க முடியும். எக்ஸ்ரேயோ, ஸ்கேனோ செல்லைக் காட்டுவதில்லை. அடர்த்தியையும் நீரையும் ரத்த ஓட்டத்தையும் காட்டுகின்றன. இரண்டு நோயிலும் இவை ஒன்றுபோல இருப்பதால்தான் கணையத்தைப் படம் பிடிக்கும் கலை நூறாண்டுக்கும் மேலாக இந்த ஒரு கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறது.

படங்கள் வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது. 1642இல் இத்தாலியின் பதுவா நகரில் ஜொஹான் ஜார்ஜ் விர்சுங் கணையத்தின் முதன்மை நாளத்தைக் கண்டு அதைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். அது எதற்கான குழாய் என்பது அவருக்கே விளங்கவில்லை. பின்னாளில் படமெடுப்பவர்கள் எல்லாரும் முதலில் தேடப்போவது அந்தக் குழாயைத்தான். 1889இல் பாஸ்டனின் ரெஜினால்ட் ஃபிட்ஸ் திடீர்க் கணைய அழற்சியைத் தனி நோயாக வரையறுத்தார். மறு ஆண்டு பாசல் நகர அறுவை மருத்துவர் லுட்விக் கூர்வாசியே, மஞ்சள் காமாலையோடு பித்தப்பையும் பெருத்திருந்தால் காரணம் பெரும்பாலும் பித்தக்கல்லாக இருக்காது என்று பதிவு செய்தார். கட்டிலருகே கைகொண்டு சோதிக்கும் மருத்துவருக்கு அது பெரிய துணை. ஆனால் அந்த விதி கல்லை விலக்கித் தந்ததே தவிர, புற்றையும் அழற்சியையும் பிரித்துத் தரவில்லை.

1896இல் ஜெர்மனியின் யெனா நகரைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ரீடல், கணையத் தலையில் தோன்றித் தாமே வற்றக்கூடிய அழற்சி வீக்கங்களைப் பற்றி எழுதினார். வயிற்றைத் திறந்து பார்த்தபோது கல்லாய் இறுகி, புற்றுநோயேதான் என்று தோன்றிய வீக்கங்கள் அவை. அந்த நோயாளிகள் சாகவில்லை, வீக்கம் கரைந்தது. அதே ஆண்டில்தான் தைராய்டு சுரப்பி இரும்பாய் இறுகும் ஒரு நோயையும் ரீடல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. இரண்டுக்கும் உறவு இருக்கலாம் என்று எண்ண அப்போது வழியில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆர்தர் மேயோ ராப்சனும் 1900களின் தொடக்கத்தில் இதையே கண்டார். புற்றுநோய் என்று எண்ணிப் பித்தத்தை மட்டும் வடியவிட்டு அனுப்பியவர்களில் சிலர் உடல் தேறினார்கள்.

1895இல் ரோன்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டபின் எலும்பும் நுரையீரலும் உடனே வெளிச்சத்துக்கு வந்தன. கணையம் வரவில்லை. சுற்றியுள்ள தசை, குடல் ஆகியவற்றின் அடர்த்தியும் கணையத்தின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அது படத்தில் தனியாகத் தெரிவதில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சுண்ணாம்பு படிந்த கற்கள். முதுகெலும்பின் இருபுறமும் சிதறிய வெண்புள்ளிகளைக் கண்டால் நாள்பட்ட அழற்சி என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் அழற்சி உண்டு என்பது புற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. இந்த எளிய தருக்கம் பல தலைமுறை மருத்துவர்களைக் கவிழ்த்திருக்கிறது.

கணையத்தை நேராகப் பார்க்க முடியாதபோது பக்கத்து உறுப்பைப் பார்த்தார்கள். நோயாளிக்குப் பேரியம் கரைசலைக் குடிக்கக் கொடுத்து முன்சிறுகுடலை நிரப்பிப் படமெடுத்தால், கணையத் தலையின் வீக்கம் குடலின் வளைவை அகலப்படுத்துவது தெரியும். 1938இல் ஸ்வீடனின் ஃப்ராஸ்ட்பெர்க் இன்னும் நுட்பமான ஓர் அடையாளத்தை வெளியிட்டார். பித்தநாளம் குடலில் திறக்கும் இடம் இழுத்துக் கட்டப்பட்டதுபோல அசையாமல் நிற்க, அதன் மேலும் கீழும் குடல்சுவர் பிதுங்கி, படத்தில் 3 என்ற எண்ணைத் திருப்பிப் போட்ட வடிவம் விழும். பாடநூல்கள் அதைக் கணையத் தலைப் புற்றுநோயின் அடையாளமாக ஏற்றுக்கொண்டன. ஆனால் அழற்சி வீக்கத்திலும் அதே வடிவம் விழும். குடல் தள்ளப்படுகிறது என்பதை மட்டுமே அந்தப் படம் அறியும். எது தள்ளுகிறது என்பதை அறியாது.

இதற்கிடையே அறுவை மருத்துவம் முன்னேறியது. 1935இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள், கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்து அகற்றும் அறுவையை வெளியிட்டார். அதற்கு முன்பே பெர்லினில் வால்தர் கௌஷ் செய்திருந்தார் என்றாலும் விப்பிளின் பெயரே நிலைத்தது. புற்றுநோய்க்கு வழி பிறந்தது. அந்த வழியின் விலையும் கடுமையாக இருந்தது. 1960களில்கூட இந்த அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தார். அழற்சியைப் புற்றென்று எண்ணி அறுத்தால் மருந்தில் தேறக்கூடியவர் மேசையிலேயே உயிரிழக்கக்கூடும். புற்றை அழற்சியென்று விட்டால் சில மாதங்களில் அறுக்கும் வாய்ப்பே போய்விடும். வயிற்றைத் திறந்தபின் ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதும் முழுத் தீர்வாகவில்லை. கட்டியைச் சூழ்ந்த அழற்சிப் பகுதியில் ஊசி இறங்கினால் முடிவு அழற்சி என்றே வரும். அறுவைக்கு முன்பே பிரித்தறிய வேண்டிய நெருக்கடி இப்படித்தான் கதிரியக்கவியலாளரின் மேசைக்கு வந்தது.

1953இல் ஸ்வீடனின் செல்டிங்கர் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழலைச் செலுத்தும் எளிய முறையைக் கண்டார். சில ஆண்டுகளிலேயே கணையத்துக்கு ரத்தம் தரும் தமனிகளில் சாயம் ஏற்றிப் படமெடுக்கத் தொடங்கினார்கள். புற்றுநோய் தமனியைச் சுற்றி நெரித்து அதன் விளிம்பைக் கரடுமுரடாக்கும். அழற்சி பெரும்பாலும் வழவழப்பாகச் சுருக்கும். முதல்முறையாகக் கட்டியின் பருமனை விட்டு, அது பக்கத்துக் குழாயை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கும் பழக்கம் இங்கே தொடங்கியது. விதிவிலக்குகள் ஏராளம். மண்ணீரல் சிரை அடைபடுவது இரண்டு நோயிலும் உண்டு. 1960களில் கதிரியக்கச் செலினியம் சேர்த்த மெத்தியோனைனை ஊசியில் ஏற்றிக் கணையத்தைப் படமெடுத்தார்கள். நொதிகள் செய்வதற்காகக் கணையம் அதை உறிஞ்சும். நோயுற்ற பகுதி உறிஞ்சாமல் வெறுமையாய்த் தெரியும். புற்றிலும் வெறுமை, அழற்சியிலும் வெறுமை. அந்தச் சோதனை வந்த சுவடின்றி மறைந்தது.

உண்மையான திருப்பம் எண்டோஸ்கோப்பியால் வந்தது. 1968இல் அமெரிக்காவின் வில்லியம் மெக்கூன், வாய்வழி குழாயை இறக்கி, முன்சிறுகுடலில் நாளம் திறக்கும் சிறு வாயிலைத் தேடிப்பிடித்துச் சாயம் செலுத்தினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜப்பானில் இதாரு ஓய் முதலானவர்கள் பக்கவாட்டில் பார்க்கும் கருவிகளைக் கொண்டு அதை நம்பகமான முறையாக வளர்த்தார்கள். இன்று இ.ஆர்.சி.பி. என்று எல்லா மருத்துவமனைகளிலும் வழங்குவது இதுவே. விர்சுங் செப்பில் செதுக்கிய குழாய், உயிரோடிருக்கும் மனிதரின் உடலில் எக்ஸ்ரே படமாய் விழுந்தது.

அந்தப் படங்களில் நோய்களின் கைவரிசை வேறுபட்டது. நாள்பட்ட அழற்சியில் நாளம் ஓரிடத்தில் சுருங்கி, அடுத்த இடத்தில் விரிந்து, மீண்டும் சுருங்கி, கால்வாயால் கோக்கப்பட்ட தொடர் ஏரிகளைப்போல நீளும். கிளை நாளங்களும் கோணலாகும். உள்ளே கற்கள் நிழலாடும். புற்றுநோயில் நாளம் ஓரிடம் வரை இயல்பாக வந்து சட்டென்று அறுபடும். பித்தநாளமும் கணைய நாளமும் ஒரே மட்டத்தில் அடைபட்டு இரண்டும் விரிந்து நிற்பதை 1976இல் பாட்ரிக் ஃப்ரீனியும் சகாக்களும் 'இரட்டை நாள அடையாளம்' என்று வெளியிட்டார்கள். புற்றுநோய்க்கு அது வலுவான சான்றாகக் கருதப்பட்டது. பிறகு நாள்பட்ட அழற்சியிலும் இரட்டை நாளம் காணப்பட்டது. ஆனாலும் அடையாளம் முற்றிலும் வீழ்ந்துவிடவில்லை. அடைப்பின் விளிம்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்: திடீரென வெட்டியதுபோல முடிந்தால் புற்றின் பக்கம், நீண்டு படிப்படியாகக் குறுகினால் அழற்சியின் பக்கம்.

சி.டி. ஸ்கேன் 1971இல் லண்டனில் மூளையைப் படமெடுத்துத் தொடங்கியது. வயிற்றுக்கு வந்தது 1970களின் நடுவில். கணையம் அப்போதுதான் நேரடியாகக் கண்ணில் பட்டது. எதிர்பார்ப்பு பெரிது, ஆரம்ப விளைச்சல் சிறிது. பழைய கருவிகளுக்கு ஒரு குறுக்குவெட்டை எடுக்கப் பல நொடிகள் ஆயின. நோயாளி மூச்சுவிட்டால் படம் கலங்கும். உறுப்பு வீங்கியிருக்கிறது என்று தெரிந்ததே ஒழிய, காரணம் தெரியவில்லை. 1983இல் கரசாவா குழுவினர் மீண்டும் நாளத்தின் வடிவத்துக்கே திரும்பினார்கள். புற்றுநோய்க்கு அப்பால் நாளம் வழவழப்பாகவோ மணிகோத்ததுபோலச் சீராகவோ விரிகிறது. மெலிந்துபோன கணையத்தின் தடிமனில் பாதிக்கு மேல் நாளமே அடைத்துக்கொண்டிருந்தால் புற்றை ஐயுறலாம். ஒழுங்கின்றி விரிந்து கற்களும் இருந்தால் அழற்சி. அந்தக் கவனிப்பு இன்றும் அறிக்கைகளில் பயன்படுகிறது.

1989க்குப் பின் வந்த சுருள்வழி சி.டி. வேகத்தைக் கொண்டுவந்தது, வேகம் நேரத்தைப் பிடித்துத் தந்தது. கையில் ஏற்றிய அயோடின் சாயம் 40 முதல் 45 நொடிகளில் கணையத்தை நிறைத்து ஒளிரச் செய்கிறது. ரத்தக்குழாய் குறைந்த புற்றுக்கட்டி அந்தக் கணத்தில் கருமையாய்த் தனித்துத் தெரியும். 1990களின் நடுவில் இந்தக் 'கணையக் கட்டம்' வழக்கமாயிற்று. புற்றுக்கட்டி பெரிய தமனியின் சுற்றளவில் பாதிக்கு மேல் தழுவினால் அறுக்க இயலாது என்ற அளவுகோலும் அப்போது உருவானது. ஆனாலும் எல்லாக் கட்டியும் கருமையாகத் தெரிவதில்லை. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சுமார் பத்தில் ஒரு கணையப் புற்று சுற்றியுள்ள திசுவின் அதே அடர்த்தியில் இருந்தது. அங்கே நாளம் அறுபட்ட இடமும், அதற்கு அப்பால் மெலிந்த கணையமும் மட்டுமே காட்டிக்கொடுத்தன.

எம்.ஆர்.ஐ. முறையில் சாயமே இல்லாமல் நாளங்களின் நீரைப் படமாக்கும் எம்.ஆர்.சி.பி. 1991இல் வந்தது. 2001இல் இச்சிகாவா குழுவினர் அதில் கண்ட அடையாளம் எளிமையானது, ஆழமானது. கட்டிபோலத் தெரியும் பகுதியின் ஊடே கணைய நாளம் வழவழப்பாகவோ சற்றே குறுகியோ தொடர்ந்து சென்றால் அது பெரும்பாலும் அழற்சித் திரள். புற்று நாளத்திலிருந்தே பிறப்பது; எனவே நாளத்தை அது விட்டுவைப்பதில்லை. அழற்சி நாளத்தைச் சுற்றி இறுகுகிறது, துண்டிப்பதில்லை. நோய் பிறக்கும் விதத்தையே அடிப்படையாகக் கொண்ட அடையாளம் என்பதால்தான் மற்ற பலவற்றைவிட அது நிலைத்தது.

இந்த வரலாற்றிலேயே அதிகம் ஏமாற்றிய நோய் வேறொன்று. 1961இல் பிரான்சின் ஆன்ரி சார்ல், ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் மிகுந்த ஒருவகைக் கணைய அழற்சியை விவரித்தார். முப்பது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1992இல் ஜப்பானின் தோகியும், முன்பு இ.ஆர்.சி.பி.யை வளர்த்த அதே ஓயும், கணைய நாளம் முழுவதுமே ஒழுங்கின்றிக் குறுகிய நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1995இல் யோஷிதா குழுவினர் அதற்குத் தன்னுடல் தாக்கக் கணைய அழற்சி என்று பெயரிட்டார்கள். 2001இல் மட்சுமோட்டோ நகரின் ஹமானோ குழுவினர் ஐஜிஜி4 என்ற புரதம் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஏறியிருப்பதைக் காட்டினார்கள். ரீடல் பெயரால் வழங்கும் தைராய்டு நோயும் இதே ஐஜிஜி4 குடும்பத்தோடு இப்போது சேர்த்துப் பேசப்படுகிறது.

இந்த நோயாளி பெரும்பாலும் அறுபதைக் கடந்த ஆண். வலி அதிகமின்றி மஞ்சள் காமாலையோடு வருவார். பார்த்தவுடன் புற்று என்றே தோன்றும். சி.டி. படத்தில், இயல்பாக மேடுபள்ளமாய் இருக்கும் கணையத்தின் விளிம்பு வழவழப்பாகி, சுரப்பி தடித்த உருளையாய் நிற்கும். அதைச் சுற்றி மெல்லிய கருமை விளிம்பு உறைபோலப் படிந்திருக்கும். சாயம் முதலில் தயங்கி, சில நிமிடங்களில் சீராக ஊறும். நாளம் நீளமாகக் குறுகியிருந்தாலும் அதற்கு அப்பால் பெரிதாக விரிவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் இரண்டு வாரங்களில் வீக்கம் வடியத் தொடங்கும். சிக்கல், நோய் கணையத்தின் ஒரு பகுதியில் மட்டும் கட்டியாய்த் திரளும்போது வருகிறது. ஐஜிஜி4கூட முழுச் சான்றல்ல. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பத்து சதவீதத்தினரிடமும் அது சற்று உயர்கிறது.

தவறின் அளவு 2003இல் வெளிப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அகற்றப்பட்ட 442 கணையத் தலைகளைத் திசுவியலார் திரும்பப் பார்த்தார்கள். 47இல் புற்று இல்லை. பெரும்பாலானவை புற்று என்ற ஐயத்தில் அகற்றப்பட்டவை. அவற்றில் ஒரு பங்கு தன்னுடல் தாக்க அழற்சி, அதாவது மாத்திரையில் வடிந்திருக்கக்கூடியது. உலகின் தேர்ந்த மையமொன்றிலேயே இந்நிலை என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆய்வுக்குப் பின் அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்த நோயைத் தீவிரமாகத் தேடத் தொடங்கின. படம், ரத்தம், பிற உறுப்புகளின் பாதிப்பு, திசு, ஸ்டீராய்டுக்கு உடலின் பதில் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும் சர்வதேச அளவுகோல் 2011இல் வந்தது.

தென்னிந்தியாவுக்கு இந்தக் கேள்வி தனி அழுத்தத்தோடு வந்தது. கேரளத்தின் மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் 1960கள் முதல் விரிவாக ஆராய்ந்த வெப்பமண்டலக் கணைய அழற்சி, மதுப்பழக்கம் இல்லாத இளம் வயதினரைத் தாக்குவது. நாளத்தில் பெரிய கற்கள் அடையும்; சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே அவை பளிச்சென்று தெரியும்; சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும். சென்னையில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994இல் வெளியானது. 185 பேரில் 24 பேர் இறந்திருந்தார்கள். அதில் 6 பேரின் இறப்புக்குக் காரணம் கணையப் புற்று. அதற்கு முந்தைய ஆண்டில் ஆறு நாடுகளின் தரவைக் கொண்டு லோவன்ஃபெல்ஸ் குழுவினர், எந்த வகை நாள்பட்ட அழற்சியிலும் 20 ஆண்டுகளில் சுமார் 4 சதவீதத்தினருக்குப் புற்று வருகிறது என்று காட்டியிருந்தார்கள். இத்தகைய கணையத்தில் 'புற்றா, அழற்சியா' என்று கேட்பதைவிட, 'இந்த அழற்சிக்குள் புற்று புகுந்துவிட்டதா' என்று கேட்பதே பொருத்தம். கற்கள் நிறைந்த கணையத்தில் அதைக் காண்பது மிகக் கடினம். முன்பு வரிசையாகக் கிடந்த கற்கள் ஓரிடத்தில் ஒதுங்கி, நடுவில் கல்லில்லாத திரள் ஒன்று எழுந்திருந்தால் அது அபாயக் குறி.

கடைசித் தீர்ப்பைத் திசுவிடம் கேட்கும் வழியும் படத்தோடு இணைந்தே வளர்ந்தது. இரைப்பைக்குள்ளிருந்து அல்ட்ராசவுண்ட் பார்க்கும் கருவி 1980இல் வந்தது. அதன் வழியே கணையத்தில் ஊசி செலுத்தும் முறையை 1992இல் டென்மார்க்கின் பீட்டர் வில்மன் வெளியிட்டார். அரை அங்குலக் கட்டியைக்கூடத் தொட முடிந்தது. ஆனால் அழற்சி படிந்த கணையத்தில் ஊசியின் துல்லியம் குறைகிறது. புற்று செல் கிடைத்தால் அது உறுதி, கிடைக்காவிட்டால் அது விடுதலைப் பத்திரமல்ல. சர்க்கரையை உறிஞ்சும் இடங்களை ஒளிரச் செய்யும் பெட் ஸ்கேன் மீதும் நம்பிக்கை இருந்தது. அழற்சிச் செல்களும் சர்க்கரையை ஆவலாய் உறிஞ்சுவதால் இங்கும் இரண்டும் ஒளிர்ந்தன. ரத்தத்தில் பார்க்கும் சிஏ 19-9 என்ற புற்றுக் குறியும், பித்தம் அடைபட்டாலே எந்தக் காரணத்திலும் ஏறக்கூடியது.

இத்தனை கருவிகளுக்குப் பிறகும் நிலைத்து நிற்கும் அடையாளங்கள் மிகச் சில: நாளம் ஊடுருவிச் செல்கிறதா, அறுபடுகிறதா, பெரிய ரத்தக்குழாயின் விளிம்பு எப்படி இருக்கிறது, முந்தைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் என்ன மாறியிருக்கிறது. கடைசியானதைத் தருவது கருவியல்ல, நோயாளி. ஐம்பது வயதுக்கு மேல் காரணம் தெரியாமல் முதல்முறை கணைய அழற்சி வந்தவர், வீக்கம் வடிந்தபின் மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொள்வது அவசியம். அழற்சியின் வீக்கம் கட்டியை மறைத்திருக்கக்கூடும். நீண்ட காலமாகக் கணையக் கல்லோடு வாழ்பவரின் வலி தன்மை மாறினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென ஏறினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது பழைய ஸ்கேன் படங்களையும் அவை பதிந்த குறுந்தகடுகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.